பண்டைய இஸ்ரவேலரின் சமயம்: தோண்டிய மண் காட்டுவது என்ன?

இஸ்ரேலில் எங்கேனும் ஒரு பழைய பலிபீடமோ முத்திரையோ அகழாய்வில் கிடைத்ததென்றால், இரண்டு நாளைக்குள் தமிழில் இரண்டு வகைக் காணொலிகள் வந்துவிடுகின்றன. ஒன்றில் வேதாகமம் வரிக்கு வரி மெய்ப்பிக்கப்பட்டுவிடுகிறது. மற்றொன்றில் அது முழுக் கட்டுக்கதை என்பது அம்பலமாகிவிடுகிறது. கிடைத்த பொருளோ இரண்டிலும் ஒன்றுதான். இரு தரப்பும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன: மக்களின் நம்பிக்கை, அவர்கள் வழிபட்ட முறை, அந்த வழிபாட்டைக் கட்டியாண்ட நிறுவனம் ஆகிய மூன்றையும் ஒரே பொருளாக எண்ணிக்கொள்கின்றன. ஒரே கோயில், ஒரே கடவுள், ஒரே நூல் என்று இன்று நாம் சேர்த்தே சொல்லிப் பழகியவை ஒரே நாளில் வந்தவை அல்ல. அவை தனித்தனியே, வெவ்வேறு நூற்றாண்டுகளில் நிலைபெற்றன என்பதையே மண் காட்டுகிறது. இக்கட்டுரை அதை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறது.

நிறுவனச் சமயம் என்றால் என்ன?

ஒரு கிராமத்தில் வீட்டுக்கு வீடு மாடு இருக்கிறது. அவரவர் கறந்து, குடித்து, மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் ஊற்றுகிறார்கள். பிறகு அங்கே பால் கூட்டுறவுச் சங்கம் வருகிறது. இனி எல்லாரும் ஒரே இடத்துக்குப் பாலைக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒரே அளவு, ஒரு செயலாளர், ஒரு பதிவேடு, வெளியே ஊற்றக் கூடாது என்ற விதி. மாடும் பாலும் முன்பிருந்தவையே. புதிதாக வந்தது சங்கம்.

சமயத்திலும் இப்படித்தான். வீட்டில் விளக்கேற்றுவது, மலையுச்சியில் ஆடு பலியிடுவது, பிள்ளைக்குத் தெய்வத்தின் பெயர் வைப்பது ஆகியவை பால் கறப்பதைப் போன்றவை. அங்கீகரிக்கப்பட்ட இடம், பரம்பரைப் பணியாளர், காணிக்கை வருமானம், எழுதிவைத்த விதி ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு மையத்தின் கையில் இருக்கும்போதுதான் அதை 'நிறுவனச் சமயம்' என்கிறோம். பண்டைய இஸ்ரவேலரிடம் இது எப்போது உருவானது என்பதே தொல்லியல் ஓரளவு விடை சொல்லக்கூடிய கேள்வி. கடவுள் இருக்கிறாரா, மோசேயிடம் பேசினாரா என்பவை மண்வெட்டிக்கு எட்டாத கேள்விகள்.

ஏட்டையும் மண்ணையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது?

ஒரு சுவரில் 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்' என்று எழுதியிருந்தால், அந்தத் தெரு சுத்தமானது என்று யாரும் முடிவு செய்வதில்லை. அங்கே நிறையப் பேர் குப்பை கொட்டுகிறார்கள் என்றே புரிந்துகொள்கிறோம். பழைய ஏற்பாட்டில் 'மேடைகளில் பலியிடாதீர்கள்', 'சிலைகளைத் தகர்த்துப்போடுங்கள்' என்று திரும்பத் திரும்ப வரும் கட்டளைகளை அப்படிப் படிக்கலாம். விதி இருந்தது என்பதை ஏடு சொல்கிறது. நடந்தது என்ன என்பதை அறிய மண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

மண்ணைப் படிக்க இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும். ஓர் ஊர் இடிந்து, அதன்மேல் அடுத்த ஊர் எழும்பும்போது படியும் ஒவ்வொரு மட்டத்தையும் 'அடுக்கு' என்பார்கள். கீழடுக்கு பழையது, மேலடுக்கு பிந்தியது. உடைந்த பானைத் துண்டில் மையால் எழுதிய குறிப்பை 'எழுத்துப் பானையோடு' என்று இங்கே குறிப்பிடுகிறேன். அந்தக் காலத்துத் துண்டுச்சீட்டு அதுதான்.

இஸ்ரவேல் என்ற பெயரே முதன்முதலில் ஒரு எகிப்தியக் கல்வெட்டில்தான் கிடைக்கிறது. கி.மு. 1208 அளவில் மன்னன் மெர்னெப்டா நிறுத்திய அந்தக் கல்லை 1896இல் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்தார். அதில் அக்கம்பக்கத்து நகரங்களுக்கு நிலத்தைக் குறிக்கும் எழுத்துக்குறியும், இஸ்ரவேலுக்கு மட்டும் மக்கள் கூட்டத்தைக் குறிக்கும் குறியும் இடப்பட்டிருக்கின்றன. மக்கள் இருந்தார்கள், கோயிலையோ ஆசாரியரையோ (கோயிலில் பலியிடும் பூசாரிகளை) பற்றி அந்தக் கல் எதுவும் சொல்லவில்லை. பின்னர் வடக்கே சமாரியாவைத் தலைநகராகக் கொண்ட இஸ்ரவேல், தெற்கே எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா என இரண்டு சிறு அரசுகள் அமைந்தன.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: வழிபாடு வேறு, அதை ஆளும் நிறுவனம் வேறு. ஏடு விதியைச் சொல்கிறது, மண் வழக்கத்தைக் காட்டுகிறது. இனிக் கோயில்களுக்குள் போகலாம்.

ஆராத்: கோட்டைக்குள் ஒரு கோயில்

எருசலேமில் சாலொமோன் கட்டியதாகச் சொல்லப்படும் கோயிலின் ஒரு கல்கூட அகழ்ந்தெடுக்கப்படவில்லை. அந்த மேட்டின்மேல் இன்று அல் அக்சா மசூதியும், கி.பி. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பாறைக் குவிமாடமும் நிற்கின்றன. அங்கே யாரும் தோண்ட முடியாது. இதை வைத்துக் 'கோயிலே இருந்ததில்லை' என்று வாதிடுவது சரியன்று. தேடாத இடத்தில் கிடைக்கவில்லை என்பது சான்றாகாது.

தேடிய இடத்தில் கிடைத்தது வேறொன்று. எருசலேமுக்குத் தெற்கே 50 கிலோமீட்டருக்கு அப்பால், நெகேவ் பாலைவனத்தின் விளிம்பில் ஆராத் என்ற எல்லைக் கோட்டை இருக்கிறது. யூதா அரசின் படை அங்கே தங்கியிருந்தது. 1960களில் யோகனான் அகரோனி அங்கே அகழ்ந்தபோது, கோட்டையின் மதிலுக்குள்ளேயே ஒரு முழுக் கோயில் வெளிப்பட்டது. முற்றத்தில் உளிபடாத கற்களையும் மண்ணையும் கொண்டு கட்டிய பலிபீடம். உளிபட்ட கல்லால் பலிபீடம் கட்டாதே என்று வேதாகமத்தின் யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் சொல்வதற்கு அது ஒத்துப்போகிறது. முற்றத்தைத் தாண்டினால் அகலமான ஓர் அறை. அதன் நடுவே, படியேறிப் போகும் சிறிய கருவறை. படியில் இரண்டு சுண்ணாம்புக்கல் தூபபீடங்கள். கருவறைக்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்கு மழமழப்பாகத் தேய்த்து நிறுத்திய ஒரு கல், அதில் சிவப்புச் சாயத்தின் தடம். அவ்வளவுதான், முகம் இல்லை, கை கால் இல்லை.

இங்கே தமிழ் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூதாவின் அரசன் எசேக்கியா 'சிலைகளைத் தகர்த்தான்' என்று நம் பழைய தமிழ் வேதாகமத்தில் படிக்கும்போது, கண்முன் வருவது கைகால்கள் உள்ள ஒரு விக்கிரகம். எபிரெய மூலத்தில் உள்ள 'மசேபா' என்ற சொல்லுக்கு நிறுத்திய கல் என்பதே பொருள். ஆராத்தின் கருவறையில் நின்றதும் அப்படிப்பட்ட கல்லே. 'மேடை' என்ற சொல்லும் மேசை உயரத் திண்ணை ஒன்றையே நினைவூட்டும். அது உண்மையில் ஊர்தோறும் இருந்த வழிபாட்டிடங்களுக்கான பொதுப்பெயர்.

அந்தத் தூபபீடங்களின் மேற்பரப்பில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்ததைப் பல பத்தாண்டுகளாக எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2020இல் அந்தக் கரியை வேதியியல் ஆய்வுக்கு உட்படுத்திய முடிவு வெளியானது. அரை மீட்டர் உயரமுள்ள பெரிய பீடத்தில், தென் அரேபியாவிலிருந்து வணிகர் கொண்டுவந்த குந்திரிக்கம் விலங்குக் கொழுப்போடு எரிக்கப்பட்டிருந்தது. சிறிய பீடத்தில் இருந்தது கஞ்சா. அது சாணத்தோடு கலந்து, மெல்லப் புகையும்படி எரிக்கப்பட்டிருந்தது. செய்தித்தாள்கள் கஞ்சாவைப் பிடித்துக்கொண்டன. எனக்குக் குந்திரிக்கமே முக்கியமாகப் படுகிறது. பாலைவனத்தைக் கடந்து வந்த விலையுயர்ந்த பிசினை ஓர் எல்லைக் கோட்டையில் எரிக்கிறார்கள் என்றால், யாரோ அதற்குப் பணம் கொடுக்கிறார்கள், யாரோ கணக்கு வைக்கிறார்கள். அரசின் கோட்டைக்குள் இருந்த கோயில் என்பதால், அதை அரசே நடத்திய கோயில் என்று கொள்வதுதான் பொருத்தம். இது திருட்டுத்தனமான ஊர் வழிபாடாக இருந்திருக்க வழியில்லை.

இதே போல் எருசலேமிலிருந்து 7 கிலோமீட்டருக்குள் உள்ள மோத்சா என்ற இடத்திலும், யூதா அரசின் காலத்தைச் சேர்ந்த ஒரு கோயில் 2012இல் வெளிப்பட்டது. தலைநகரின் வாசலிலேயே இன்னொரு கோயில் இயங்கியிருக்கிறது.

கோயில்கள் மூடப்பட்ட விதம்

ஆராத்தின் தூபபீடங்கள் உடைந்து கிடக்கவில்லை. பக்கவாட்டில் கவனமாகப் படுக்கவைத்து, மேலே மண் போட்டு மூடியிருந்தார்கள். இது கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்தது என்பது பலரின் கணிப்பு. எருசலேமுக்கு வெளியே உள்ள வழிபாட்டிடங்களை எசேக்கியா ஒழித்ததாக வேதாகமம் சொல்வதும் அந்தக் காலத்தையே. அவன் ஆணையின் விளைவுதான் இது என்பவர்களும் உண்டு. வரவிருந்த அசீரியப் பேரரசின் படையிடமிருந்து காப்பாற்றவே புதைத்தார்கள் என்பவர்களும் உண்டு.

பெயெர்செபாவில் கதை வேறு. நான்கு மூலைகளிலும் கொம்பு போன்ற முனைகள் கொண்ட ஒரு பெரிய பலிபீடத்தின் கற்கள் அங்கே 1973இல் கிடைத்தன. கிடைத்த இடம் ஒரு கிடங்கின் சுவர். பீடத்தைப் பிரித்து, அதன் கற்களைச் சாதாரணக் கட்டடக் கற்களாகப் பயன்படுத்தியிருந்தார்கள். ஆராத்தின் பீடத்துக்கு மாறாக இந்தக் கற்கள் ஒழுங்காகச் செதுக்கப்பட்டவை. ஒன்றில் ஒரு பாம்பும் கீறப்பட்டிருந்தது. ஒரே அரசின் இரண்டு பக்கத்து ஊர்களில் பலிபீட விதி வெவ்வேறாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எது காட்டும்?

யூதாவின் லாகீஸ் நகரின் வாசல் அறையில் கிடைத்தது இன்னும் விசித்திரம். அங்கிருந்த வழிபாட்டிடத்தில் இரண்டு கொம்புப் பீடங்களின் கொம்புகள் வேண்டுமென்றே வெட்டப்பட்டிருந்தன. அதோடு, நடுவில் துளையிட்ட ஒரு கல் இருக்கை, அதாவது கழிப்பறைக் கல், அங்கே வைக்கப்பட்டிருந்தது. சோதனையில் அந்தக் கல் ஒருமுறைகூடப் பயன்படுத்தப்பட்டதற்கான தடயம் இல்லை என்று தெரிந்தது. இடத்தைத் தீட்டாக்கினால் போதும் என்று வைத்திருக்கிறார்கள். பாகால் என்ற தெய்வத்தின் கோயிலை யெகூ அரசன் கழிப்பிடமாக்கினான் என்ற 2 இராஜாக்கள் 10ஆம் அதிகார வரியை, 2016இல் இது அறிவிக்கப்பட்டபோது எல்லாரும் நினைவுகூர்ந்தார்கள்.

ஏன் ஒரே கோயில்?

கி.மு. 722 அளவில் அசீரியர் வடக்கு இஸ்ரவேலை அழித்தார்கள். அகதிகள் தெற்கே வந்தார்கள் என்று பலர் கருதுகிறார்கள். எருசலேம் பல மடங்கு பெருத்தது. அடுத்த அடி யூதாவின்மேல் விழும் என்று தெரிந்தபோது அரசு எல்லாவற்றையும் மையத்துக்கு இழுத்தது. 'அரசனுக்குரியது' என்று முத்திரையிட்ட சாடிப்பிடிகள் அந்தக் காலத்து அடுக்குகளில் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருப்பது, எண்ணெயும் திராட்சரசமும் அரசின் கணக்குக்குள் போனதைக் காட்டுகிறது. கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் லாகீசை அழித்தான், எருசலேம் தப்பியது. தப்பிய நகரத்தின் கோயிலுக்குக் கிடைத்த மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

பால் சங்கத்தை இங்கே மீண்டும் நினைத்துப் பாருங்கள். ஒரே இடத்தில்தான் ஊற்ற வேண்டும் என்றால், உடனே மூன்று சிக்கல்கள் எழும்: தூரத்து ஊர்க்காரர் என்ன செய்வார்? பழைய தரகர் என்ன ஆவார்? சொந்தக் குடிப்புக்கு என்ன வழி? வேதாகமத்தின் சட்ட நூல்களில் ஒன்றான உபாகமத்தைக் கையில் எடுத்தால், அதன் சட்டங்கள் ஏறத்தாழ இதே போன்ற சிக்கல்களுக்குப் பதில் சொல்வதைப் பார்க்கலாம்.

முன்பு ஆடு அறுப்பதென்றாலே ஊர்ப் பீடத்தில் பலியிட்டு உண்பதுதான் வழக்கம். பீடம் எருசலேமில் மட்டும்தான் என்றால், இரண்டு மூன்று நாள் நடை தூரத்தில் இருப்பவர் இறைச்சியே உண்ண முடியாது. எனவே 12ஆம் அதிகாரம் பலியையும் உணவையும் பிரிக்கிறது: இரத்தத்தைத் தரையில் ஊற்றிவிட்டு, அவரவர் ஊரிலேயே அறுத்து உண்ணலாம். தசமபாகமாக (பத்தில் ஒரு பங்கு காணிக்கையாக) தரவேண்டிய தானியத்தையும் கன்றுகளையும் அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போக முடியாது. எனவே 14ஆம் அதிகாரம், அவற்றை விற்று, வெள்ளியை முடிந்துகொண்டு போய், கோயில் இருக்குமிடத்தில் வேண்டியதை வாங்கிக்கொள்ளச் சொல்கிறது. வேலையிழந்த ஊர் ஆசாரியர்களின் நிலையை 2 இராஜாக்கள் 23 ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: யோசியா அரசன் காலத்தில் அவர்கள் எருசலேமின் பலிபீடத்தில் ஏற முடியவில்லை, ஆனால் தங்கள் சகோதரரோடு புளிப்பில்லாத அப்பம் உண்டார்கள். அதிகாரம் பறிபோனது, உணவுப்படி நிற்கவில்லை. நிறுவனம் ஒன்று உருவாகும்போது நடக்கும் நிர்வாக வேலையை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் பழம்பிரதிகள் குறைவு.

சுருக்கமாக: யூதாவில் நீண்டகாலம் பல கோயில்கள் இருந்தன, அவற்றில் சில அரசுக் கோயில்கள். கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளில் நெருக்கடியின் நடுவே எருசலேம் மட்டும் மையமாக எழுந்தது. கி.மு. 600 அளவில் ஆராத்துக்கு வந்த ஒரு பானையோட்டுக் கடிதம், ஒருவர் 'யாவேயின் வீட்டில்', அதாவது இஸ்ரவேலர் கடவுளின் கோயிலில், தங்கியிருக்கிறார் என்று மட்டும் சொல்கிறது. எந்த ஊரில் உள்ள வீடு என்று சொல்லவில்லை. ஆராத்தின் கோயில் அப்போது மண்ணுக்கடியில் இருந்தது. அந்தக் காலத்தில் 'வீடு' என்றாலே எருசலேம்தான் என்று ஆகிவிட்டிருந்தது போலும்.

ஒரே கடவுளா?

ஒரே கோயில் என்பதும் ஒரே கடவுள் என்பதும் ஒன்றல்ல. சீனாய்ப் பாலைவனத்தில் குந்திலத் அஜ்ருத் என்ற தனித்த மேட்டில் 1975, 1976ஆம் ஆண்டுகளில் செயேவ் மெஷெல் அகழ்ந்தார். கி.மு. 800 அளவில் வழிப்போக்கர் தங்கிய அந்தக் கட்டடத்தில் இரண்டு பெரிய சாடிகள் கிடைத்தன. அவற்றின்மேல் மையால் படங்களும் ஆசீர்வாதங்களும் வரையப்பட்டிருந்தன. ஒன்றில் 'சமாரியாவின் யாவேயும் அவருடைய அசேராவும்', மற்றொன்றில் 'தேமானின் யாவேயும் அவருடைய அசேராவும்' என்று வருகிறது. யாவே என்பது தமிழ் வேதாகமத்தில் 'கர்த்தர்' என்றும் சில இடங்களில் 'யெகோவா' என்றும் வரும் கடவுட்பெயரின் ஆய்வாளர் வழக்கு.

அசேரா, சிரியாவின் உகரித் நகரத்து ஏடுகளில் ஏல் என்ற தலைமைக் கடவுளின் துணைவி. அப்படியானால் யாவேக்கும் மனைவி இருந்தாளா? அவசரப்பட வேண்டாம். எபிரெயத்தில் ஒருவரின் இயற்பெயரோடு 'அவருடைய' என்ற விகுதியைச் சேர்ப்பது வழக்கமில்லை. எனவே இங்கே தேவியைவிட, தேவியின் பெயரால் அழைக்கப்பட்ட மரக்கம்பமே குறிக்கப்படுகிறது என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். எதுவானாலும், அந்தச் சொல் பழைய தமிழ் வேதாகமத்தில் 'விக்கிரகத்தோப்பு' என்று ஆகிவிட்டதால், தமிழில் மட்டும் படித்தவர்களுக்கு இந்த விவாதமே கண்ணில் படாமல் போயிற்று. ஒரு தேவியின் பெயர் தோப்பானது மொழிபெயர்ப்பின் வினோதங்களில் ஒன்று.

வீடுகளுக்குள் போனால் இன்னொன்று தெரிகிறது. யூதாவின் கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டு அடுக்குகளில், கைகளால் மார்பைத் தாங்கி நிற்கும் பெண்ணுருவச் சுடுமண் பொம்மைகள் ஏறத்தாழ 1,000 கிடைத்திருக்கின்றன. எருசலேமில் மட்டுமே நூற்றுக்கணக்கில். பெரும்பாலானவை குடியிருப்புப் பகுதிகளில் கிடைத்தவை. அவை தேவியா, பிள்ளைப்பேற்றுக்கான காப்பா என்பது தீரவில்லை. ஊர் வழிபாட்டிடங்களை ஒழித்த சீர்திருத்தம் நடந்ததாகச் சொல்லப்படும் அதே காலத்தில், அதே தலைநகரில், வீடுகளில் அவை இருந்தன என்பது மட்டும் உறுதி.

ஒரே நூல் எப்போது வந்தது?

1979இல் எருசலேமின் ஹின்னோம் பள்ளத்தாக்கில் கபிரியேல் பர்காய் சில கல்லறைகளை அகழ்ந்துகொண்டிருந்தார். உதவிக்கு வந்த ஒரு சிறுவன் சுத்தியலால் ஓரிடத்தில் தட்ட, தரை என்று எல்லாரும் நினைத்திருந்தது உடைந்து, திருடர் தொடாத புதையறை ஒன்று திறந்தது. அங்கே சிகரெட் துண்டு அளவுக்குச் சுருட்டிய இரண்டு வெள்ளித் தகடுகள் இருந்தன. நொறுங்காமல் விரிக்க மூன்று ஆண்டுகள் பிடித்தன. அவற்றில், 'கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக' என்று தொடங்கும் எண்ணாகமம் 6ஆம் அதிகார ஆசாரிய ஆசீர்வாதம் ஏறத்தாழ அப்படியே பொறிக்கப்பட்டிருந்தது. காலம் கி.மு. 600ஐ ஒட்டியது. வேதாகம வரிகளோடு பொருந்தும் மிகப் பழைய எழுத்து இதுவே. ஆனால் இது கழுத்தில் அணிந்த தாயத்து. வரிகள் வழங்கின என்று இது காட்டுகிறது. நூல் முழுதாக இருந்தது என்றோ, மக்கள் அதன்படி வாழ்ந்தார்கள் என்றோ காட்டவில்லை. செதில் இல்லாத மீன் ஆகாது என்கிறது லேவியராகமம். யூதாவின் அந்தக் காலத்துக் குப்பைகளிலோ கெளுத்தி இன மீன்களின் எலும்புகள் கிடைக்கின்றன.

எகிப்தின் தென்கோடியில் நைல் நதித் தீவான எலிபண்டைனில், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாரசீகருக்குப் படைவேலை செய்த யூதர் குடியிருந்தார்கள். அவர்களுக்குத் தங்கள் கடவுளுக்கென்று சொந்தக் கோயில் இருந்தது, பலியும் நடந்தது. கி.மு. 410இல் பக்கத்தில் இருந்த, க்னூம் என்ற எகிப்தியத் தெய்வத்தின் கோயில் பூசாரிகளின் தூண்டுதலில் அது இடிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, அதைத் திரும்பக் கட்ட உதவுமாறு, அப்போது பாரசீகரின் ஆட்சியில் இருந்த யூதாவின் ஆளுநருக்கு அவர்கள் எழுதிய அரமேயக் கடிதம் பாப்பிரஸ் தாளில் இன்றும் இருக்கிறது. எருசலேமின் பிரதான ஆசாரியருக்கு முன்பே எழுதியதாகவும், பதில் வரவில்லை என்றும் அதில் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். உபாகமத்தின்படி அந்தக் கோயிலே இருக்கக் கூடாது என்பதை அறிந்தவர்கள் போல அவர்கள் எழுதவில்லை. அந்தத் தீவில் கிடைத்த ஏடுகளில் மோசேயின் பெயரோ நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் பெயரால் வழங்கும் சட்டத்தின்) ஒரு மேற்கோளோ இல்லை. ஆளுநர் தரப்பிலிருந்து வந்த பதில், கோயிலைக் கட்டவும் தானியக் காணிக்கையும் தூபமும் செலுத்தவும் அனுமதித்தது. எரிபலியைப் பற்றிப் பேசவில்லை. எருசலேமின் தனியுரிமையை நாசூக்காகக் காத்த பதில் அது என்று படிப்பவர்கள் உண்டு.

நூலின் விதிகள் பொதுமக்களின் அன்றாடத்துக்குள் இறங்கியதற்கான பரவலான தடயம் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்துதான் மண்ணில் தெரிகிறது. படிகளோடு பாறையில் வெட்டிய தீட்டுக்கழிப்புக் குளியல் தொட்டிகள் நூற்றுக்கணக்கில் தோன்றுகின்றன. பிறகு சுண்ணாம்புக்கல் குவளைகள் பரவுகின்றன. மண்பாண்டம் போலக் கல் தீட்டுப்படாது என்பது அவர்கள் கணக்கு. வாசிப்புக்கென்றே கூடும் கட்டடங்களான ஜெப ஆலயங்களும் வருகின்றன.

1913, 1914 வாக்கில் எருசலேமின் தென்பகுதியில் ஒரு தண்ணீர்த்தொட்டிக்குள் கட்டடக் கற்களோடு கிடந்த ஒரு கிரேக்கக் கல்வெட்டு கிடைத்தது. கி.பி. 70இல் ரோமர் கோயிலை அழிப்பதற்கு முந்தியது என்று பெரும்பாலோர் கொள்ளும் அக்கல்வெட்டில், தெயோதோத்தோஸ் என்பவர் தாம் கட்டிய ஜெப ஆலயத்தைப் பற்றிச் சொல்கிறார். நியாயப்பிரமாணத்தை வாசிக்கவும், கட்டளைகளைப் போதிக்கவும், வெளியூரிலிருந்து வருவோர் தங்கவும் அதைக் கட்டியதாகச் சொல்லி, அறைகளையும் தண்ணீர் வசதியையும் குறிப்பிடுகிறார். தாம் ஓர் ஆசாரியர், தம் தந்தையும் பாட்டனாரும் ஜெப ஆலயத் தலைவர்கள் என்கிறார். பலிபீடம் அப்போதும் சற்றுத் தொலைவில் புகைந்துகொண்டுதான் இருந்தது. அந்த ஆசாரியரின் கல்லில் பலி என்ற சொல் இல்லை.